வெப்பமும் வெப்பநிலையும்: ஓர் அளவையின் வரலாறு

தமிழில் ‘சூடு’ என்னும் சொல் ஒன்றே இரு வேறு பொருள்களுக்குப் பயன்பட்டு வருகிறது. “பாலில் சூடு ஏறிவிட்டது” என்னும்போது அச்சொல் பாலுக்குள் புகுந்த ஒன்றைக் குறிக்கிறது. “பால் எவ்வளவு சூடாக இருக்கிறது?” என்னும்போது அதே சொல் பாலின் நிலையைக் குறிக்கிறது. பேச்சு வழக்கில் இதனால் இடர் ஏதுமில்லை. ஆயின், அளக்கத் தொடங்கியவர்க்கு இவ்விரு பொருளும் ஒரு சொல்லுக்குள் கலந்து கிடந்தமை பெருந்தடையாயிற்று. இத்தடை தமிழுக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பிய மொழிகள் பலவற்றிலும் இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அங்கிருந்த அறிஞர் பெருமக்களும் வெப்பமானி காட்டும் எண்ணையே பொருளில் அடங்கிய வெப்பத்தின் அளவாகக் கருதினர்.

இன்று உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒருவர், சூடான இரும்பைக் குளிர்ந்த நீரில் இட்டால் முடிவில் என்ன வெப்பநிலை கிடைக்கும் என்பதை ஐந்தே வரியில் கணக்கிட்டுவிடுகிறார். அந்த ஐந்து வரிக்குப் பின்னே ஏறத்தாழ நூறாண்டு காலத் தேடல் இருக்கிறது. ஒரு சொல்லுக்குள் கிடந்த இரு பொருளைப் பிரித்தெடுத்த வரலாறு என்றே அத்தேடலைக் கூறலாம். சொல்லையும் பொருளையும் தொழிலாகக் கொண்டோர் அறியத்தக்க வரலாறு அது.

வெப்பமானியின் வரவு

தொட்டு உணர்தல் ஒன்றே நெடுங்காலம் சூட்டின் அளவுகோலாக இருந்தது. டான்சிக் நகரில் பிறந்து ஆம்ஸ்டர்டாமில் வாழ்ந்த டேனியல் கேப்ரியல் ஃபாரன்ஹீட் என்னும் கருவிக் கலைஞர், பாதரசத்தைக் கண்ணாடிக் குழலில் அடைத்து நம்பத்தக்க வெப்பமானிகளைச் செய்தார். 1724இல் தம் அளவுமுறையை இலண்டன் அரச கழகத்தின் வாயிலாக வெளியிட்டார். சுவீடன் நாட்டு ஆண்டர்ஸ் செல்சியஸ் 1742இல் நூறு பாகை அளவுமுறையை முன்வைத்தார். ஓர் ஊரில் எடுத்த அளவை மற்றோர் ஊரில் எடுத்த அளவோடு ஒப்பிடும் வாய்ப்பு இவற்றால் கிட்டியது.

கருவி கிடைத்ததும் ஒரு மயக்கமும் உடன் வந்தது. ஓர் அறையில் நெடுநேரம் வைத்த இரும்பு, மரம், நீர் ஆகிய யாவும் வெப்பமானியில் ஒரே எண்ணைக் காட்டின. எனவே, அவற்றில் அடங்கிய வெப்பமும் சமமே என்று பலர் முடிவு செய்தனர். லெய்டன் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற மருத்துவப் பேராசிரியர் ஹெர்மன் பூர்ஹாவே, ஒரே அளவு இடத்தை அடைத்துக்கொள்ளும் எல்லாப் பொருளிலும் வெப்பம் சமமாகவே பரவி நிற்கிறது என்றார். வேறு சிலரோ, பொருள் எவ்வளவு செறிவுடையதோ அவ்வளவு வெப்பம் அதில் அடங்கும் என்றனர். இவ்விரு கொள்கைகளுள் எது சரி என்பதற்கு ஆய்வு ஒன்று தேவைப்பட்டது.

கலவையில் பிறந்த கேள்வி

சூடான நீரையும் குளிர்ந்த நீரையும் சம அளவில் கலந்தால் நடுவான வெப்பநிலை கிடைக்கும். நீரோடு நீரைக் கலக்கும் இக்கணக்கை எவ்வளவு நிறைக்கும் பொருந்தும்படி பொதுமைப்படுத்தியவர் கியோர்க் வில்ஹெல்ம் ரிக்மன். இன்றைய எஸ்தோனிய நாட்டின் பார்னு நகரில் 1711இல் பிறந்து, ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் கல்விக் கழகத்தில் பணியாற்றியவர் அவர். ஒவ்வொரு பகுதியின் நிறையையும் அதன் வெப்பநிலையால் பெருக்கி, பெருக்குத்தொகைகளைக் கூட்டி, மொத்த நிறையால் வகுத்தால் கலவையின் வெப்பநிலை வரும் என்பது அவர் 1740களில் கண்ட விதி. 30 பாகையில் உள்ள 2 பங்கு நீரோடு 90 பாகையில் உள்ள 1 பங்கு நீரைக் கலந்தால், 60உம் 90உம் கூடி 150. அதை 3ஆல் வகுக்க 50 பாகை.

ரிக்மனின் முடிவு துயரமானது. 1753 ஆகஸ்டு மாதத்தில் இடிமின்னலின் மின்னேற்றத்தை அளக்க முற்பட்டபோது, வீட்டில் அமைத்திருந்த கருவியின் வழியே பாய்ந்த மின்னல் அவர் உயிரைப் பறித்தது. அவருடைய நண்பரும் ரஷ்யக் கவிஞருமான மிகயீல் லோமனோசவ், அவர் குடும்பத்துக்கு உதவி வேண்டிக் கடிதம் எழுதினார் என்பது வரலாறு. அறிவியலாளராகவும் கவிஞராகவும் ஒருங்கே விளங்கிய ஒருவரின் பரிவு இவ்வரலாற்றின் ஓரத்தில் இவ்வாறு இடம்பெற்றிருக்கிறது.

ரிக்மனின் விதி நீரோடு நீரைக் கலக்கும்வரை பிழையின்றி நின்றது. வேறு வேறு பொருள்களைக் கலந்தபோது அது பொய்த்தது. பூர்ஹாவேயின் வேண்டுகோளுக்கு இணங்க ஃபாரன்ஹீட் பாதரசத்தையும் நீரையும் கலந்து பார்த்திருந்தார். விடை அவர்கள் எதிர்பார்த்தவாறு அமையவில்லை; எனினும் அதன் பொருளை இருவரும் உணரவில்லை. பூர்ஹாவே 1732இல் வெளியிட்ட வேதியியல் நூலில் அச்செய்தி இடம்பெற்றது. ஸ்காட்லாந்து மருத்துவர் ஜார்ஜ் மார்ட்டின் செய்த சோதனை ஒன்றும் இதே புதிரைக் காட்டியது. நெருப்பின் முன் சம தொலைவில் நீரும் பாதரசமும் சம கன அளவில் வைக்கப்பட்டன. செறிவு மிக்க பாதரசம் மெல்லச் சூடாகும் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் அது நீரைக் காட்டிலும் ஏறத்தாழ இருமடங்கு விரைவாகச் சூடேறியது. உண்மை அச்சேறி, கண் முன்னே கிடந்தது. அதைப் படித்தறிய ஒருவர் வர வேண்டியிருந்தது.

ஜோசப் பிளாக்

ஜோசப் பிளாக் 1728இல் பிரான்சு நாட்டின் போர்தோ நகரில் பிறந்தவர். தந்தை, அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரிலிருந்து வந்து அங்கே திராட்சை மது வணிகம் செய்தவர், ஸ்காட்லாந்து மரபினர். பிளாக் கிளாஸ்கோவில் வில்லியம் கல்லன் என்னும் ஆசிரியரிடம் வேதியியல் பயின்றார். எடின்பரோவில் மருத்துவப் பட்டம் பெற்றார். இன்று கரியமில வாயு எனப்படும் காற்றைத் தனியொரு பொருளாக இனங்கண்டவர் அவரே. 1756இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணி ஏற்றார். வெப்பத்தைப் பற்றிய அவருடைய அரிய சிந்தனைகள் அப்பணியில் இருந்த ஆண்டுகளிலேயே உருவாயின.

1760ஆம் ஆண்டளவில் பிளாக், ஃபாரன்ஹீட்டின் பழைய சோதனையை மீண்டும் எண்ணிப் பார்த்தார். மாணவர்க்கு விளக்க அவர் கையாண்ட எண்கள் எளியவை. 100 பாகையில் நீர். 150 பாகையில் அதே கன அளவு பாதரசம். இரண்டையும் கலந்தால் என்ன ஆகும்? வெப்பம் இடத்துக்கு ஏற்பப் பரவுவதாயின் நடுவெண்ணாகிய 125 வரவேண்டும். வெப்பம் நிறைக்கு ஏற்ப அடங்குவதாயின், பாதரசம் நீரைப்போல் 13 மடங்குக்கு மேல் எடையுடையது ஆதலின், கலவை 146 பாகையைத் தாண்ட வேண்டும். வந்ததோ 120. பாதரசம் 30 பாகை இழந்தது. நீர் 20 பாகையே பெற்றது. இழந்த வெப்பமும் பெற்ற வெப்பமும் ஒன்றே. வெப்பநிலை மாற்றம் மட்டும் வேறு.

இவ்விடத்தில்தான் பிளாக் ஏனையோரிடமிருந்து பிரிகிறார். முன்னோர் இவ்வெண்ணைத் தம் கொள்கைக்கு ஒவ்வாத சிறு பிசகாகக் கண்டனர். அவரோ, வெப்பத்தின் அளவும் வெப்பத்தின் செறிவும் வேறு வேறு என்பதற்கு இதையே சான்றாகக் கொண்டார். ஒவ்வொரு பொருளுக்கும் வெப்பத்தை ஏற்கும் தன்மை தனித்தனியே உண்டு. அது கன அளவையோ எடையையோ மட்டும் பின்பற்றுவதன்று. சோதித்தே அறியவேண்டியது என்று அவர் முடிவு செய்தார். இதுவே இன்று தன்வெப்பம் எனப்படும் கருத்தின் தோற்றம்.

இக்கால அளவீட்டின்படி பாதரசத்தின் தன்வெப்பம் நீரினதில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. அதைக் கொண்டு கணக்கிட்டால் மேற்கண்ட கலவை 115 பாகையைச் சற்றே தாண்டி நிற்கும். ஆக, பிளாக்கின் எண் நுட்பமானதன்று. ஆனால், 125க்கும் கீழே என்னும் திசை சரியானது; அத்திசையே போதுமானதாயிற்று. கருத்து தெளிவு பெற, எண்கள் பின்னர்த் திருந்தின.

பனிக்கட்டியின் மௌனம்

வெப்பமும் வெப்பநிலையும் வேறென்பதற்குப் பிளாக் காட்டிய மற்றொரு சான்று பனிக்கட்டி. உருகும் நிலைக்கு வந்த பனிக்கட்டிக்குச் சிறிதளவு வெப்பம் சேர்ந்தால் முழுவதும் நீராகிவிடும் என்பது அக்கால நம்பிக்கை. பிளாக் இதை ஐயுற்றார். அவ்வாறாயின் இளவேனிலின் முதல் நாளிலேயே மலைப்பனி முழுதும் உருகி, ஊர்களை அடித்துச் செல்லும் வெள்ளம் பெருகவேண்டும். அப்படி நிகழ்வதில்லையே என்று வினவினார்.

அவர் செய்த சோதனைக்கு வேண்டியவை இரண்டு மெல்லிய கண்ணாடிக் குடுவைகள் மட்டுமே. ஒவ்வொன்றிலும் 5 அவுன்சு நீர். ஒன்றை உறைய வைத்தார். மற்றதை உறையாமல் 33 பாகை ஃபாரன்ஹீட்டுக்குக் குளிர்வித்தார். இரண்டையும் 47 பாகையில் இருந்த பெரிய கூடம் ஒன்றில் தொங்கவிட்டார். நீர் இருந்த குடுவை அரைமணி நேரத்தில் 40 பாகையை எட்டியது. 7 பாகை உயர்வு. பனிக்கட்டி இருந்த குடுவை அதே 40 பாகையை எட்டப் பத்தரை மணி நேரம் ஆயிற்று. அஃதாவது, 21 அரைமணிகள். அரைமணிக்கு 7 பாகை வீதம் 147 பாகைக்குரிய வெப்பம் அதனுள் புகுந்திருக்க வேண்டும். வெப்பமானியில் தெரிந்ததோ 32இலிருந்து 40 வரை, 8 பாகை மட்டுமே. எஞ்சிய 139 பாகைக்குரிய வெப்பம் எங்கே?

அது பனிக்கட்டியை நீராக்கும் பணியில் கரந்துவிட்டது என்றார் பிளாக். கைக்கும் தெரியாமல், கருவிக்கும் தெரியாமல் மறைந்திருக்கும் அவ்வெப்பத்துக்கு ‘மறைந்துள்ளது’ எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லடியாகப் பெயரிட்டார். நீர் மீண்டும் உறையும்போது அவ்வெப்பம் குறையாமல் வெளிப்படும் என்பதையும் காட்டினார். 1762 ஏப்ரல் 23 அன்று கிளாஸ்கோவில் ஆசிரியரும் நண்பரும் கூடிய இலக்கியக் கழகம் ஒன்றில் இவ்வாய்வை அவர் படித்தார். அறிவியல் வரலாற்றின் பெருஞ்செய்திகளுள் ஒன்று இலக்கியக் கழகமொன்றின் கூட்டத்தில் முதலில் ஒலித்தமை இங்கு நினைக்கத்தக்கது. பிளாக் கண்ட 139க்கு இக்கால அளவு ஏறத்தாழ 143. இரண்டு குடுவையும் ஒரு வெப்பமானியும் ஒரு கடிகாரமும் கொண்டு எட்டிய நெருக்கம் இது.

நீராவிப் பொறியும் வெப்பக் கணக்கும்

அதே பல்கலைக்கழகத்தில் கருவிகள் செய்து பிழைத்தவர் ஜேம்ஸ் வாட். 1763–64 குளிர்காலத்தில் நியூகோமன் பொறியின் சிறிய மாதிரி ஒன்று பழுது பார்க்க அவரிடம் வந்தது. அப்பொறி அதன் உருவுக்கு மிஞ்சிய நீராவியை விழுங்கியது. நீராவி புகுந்த உருளைக்குள் குளிர்நீரைப் பீய்ச்சி ஆவியைச் சுருக்குவது அதன் முறை. இதனால் ஒவ்வோர் அசைவிலும் உருளை முழுவதும் குளிர்ந்து, அடுத்த அசைவுக்கு மீண்டும் சூடேற வேண்டியிருந்தது. உருளையின் உலோகம் குடிக்கும் வெப்பமே வீணாகும் வெப்பம் என உணர்ந்த வாட், மரத்தால் உருளை செய்தும் பார்த்தார்.

வேறொரு சோதனையும் அவரை வியப்பில் ஆழ்த்தியது. ஒரு பங்கு எடையுள்ள நீராவி, தன்னைப்போல் ஆறு மடங்கு எடையுள்ள கிணற்று நீரைக் கொதிநிலைக்கு உயர்த்தியது. கிணற்று நீர் 52 பாகை ஃபாரன்ஹீட் எனக் கொண்டால் கொதிநிலையாகிய 212ஐ எட்ட 160 பாகை வேண்டும். ஆறு மடங்குக்கு 960. கொதிநிலையில் இருந்த நீராவி, கொதிநிலை நீராகச் சுருங்கும்போதே இவ்வளவு வெப்பத்தைக் கொடுத்துவிடுகிறது. வாட் இதைப் பிளாக்கிடம் கூற, பிளாக் தம் மறைவெப்பக் கொள்கையை எடுத்துரைத்தார். 1765இல் ஆவியைத் தனிக் கலத்தில் சுருக்கும் வழியை வாட் கண்டார். 1769இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். பிளாக்கின் கொள்கையிலிருந்து நேரே தம் கண்டுபிடிப்பு பிறக்கவில்லை என்று வாட் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். எனினும், வெப்பத்தை எடைபோட்டுப் பார்க்கும் பழக்கத்தை அவ்விருவரும் பகிர்ந்துகொண்டனர் என்பதில் ஐயமில்லை. பொருளுதவியும் பிளாக்கிடமிருந்தே வாட்டுக்குக் கிட்டியது.

எழுதாத ஆசிரியர்

பிளாக் வெப்பம் பற்றிய தம் ஆய்வை வாழ்நாளில் அச்சில் வெளியிடவில்லை. 1766இல் எடின்பரோவுக்கு மாறிய பின்னும் ஆண்டுதோறும் வகுப்பில் கற்பித்தார், அவ்வளவே. மாணவர் எடுத்த குறிப்பேடுகள் கைக்குக் கை மாறி ஐரோப்பாவெங்கும் சென்றன. 1770இல் இலண்டனில் ஆசிரியர் பெயரில்லாத நூலொன்றில் அவர் கருத்துகள் அச்சேறின. நண்பர்கள் வற்புறுத்தியும் அவர் எழுத முனையவில்லை. அரைகுறையாகத் தோன்றும் எதையும் வெளியிடக் கூசும் இயல்பினர் அவர்.

இதன் விளைவுகள் இருவகைப்பட்டன. ஒன்று, முதன்மை பற்றிய குழப்பம். சுவீடனில் யோகான் கார்ல் வில்க்கே சூடான நீரைப் பனித்தூள் மீது ஊற்றி, பனியை உருக்க நீரின் 72 பாகை செல்சியஸ் வெப்பம் செலவாகிறது எனக் கண்டு 1772இல் வெளியிட்டார். 1781இல் தன்வெப்பம் பற்றியும் எழுதினார். பிளாக்கைச் சாராமலே அவர் இவற்றை அடைந்தார். இலண்டனில் வாழ்ந்த போர்த்துக்கீசியரான மாகெல்லன் 1780இல் பிரெஞ்சு மொழியில் எழுதிய நூலில் பொருள்களின் தன்வெப்ப அட்டவணை அச்சில் வந்தது. மற்றொன்று, நற்பயன். கேள்விச் செல்வமாகப் பரவிய கருத்தை அயர்லாந்திலும் இங்கிலாந்திலும் பிரான்சிலும் பலர் எடுத்துச் சோதித்து வளர்த்தனர். அது ஒருவர்க்கு உரியதாக நில்லாமல் பொதுச் சொத்தாயிற்று.

1799 டிசம்பரில் பிளாக் மறைந்தார். எளிய உணவுக்கு அமர்ந்தவர், மடியில் வைத்துப் பிடித்த பால் கிண்ணம் ஒரு துளியும் சிந்தாதிருக்க, அமர்ந்தபடியே உயிர் நீத்தார் என்று நண்பர்கள் எழுதி வைத்துள்ளனர். அவருடைய மாணவரும் நண்பருமான ஜான் ராபிசன், கிடைத்த குறிப்புகளைத் தொகுத்து 1803இல் இரு தொகுதிகளாக அவ்விரிவுரைகளை வெளியிட்டார். ஆசிரியர் வாய்மொழியாய் விட்டுச் சென்றதை மாணவர் ஏட்டில் ஏற்றிக் காத்த மரபு தமிழுலகம் நன்கு அறிந்ததே.

பனிக்கட்டி வெப்ப அளவி

வெப்பத்தை அளக்கத் தனிக்கருவி கண்டவர்கள் பிரான்சு நாட்டின் அந்துவான் லவாய்சியேயும் பியேர் சிமோன் லாப்லாசும் ஆவர். 1782–83 குளிர்காலத்தில் அவர்கள் ஒன்றனுள் ஒன்றாக அடுக்கிய கலம் ஒன்றைச் செய்தனர். நடுவில் சூடான பொருள். அதைச் சூழப் பனிக்கட்டி. அதற்கும் வெளியே, அறையின் வெப்பம் உட்புகாமல் தடுக்க மற்றொரு பனிக்கட்டி அடுக்கு. உட்புறப் பனி உருகி வடியும் நீரை எடைபோட்டால் பொருள் இழந்த வெப்பம் தெரிந்துவிடும். பிளாக் கண்ட மறைவெப்பம் இங்கே தராசுத் தட்டில் வைக்கும் எடைக்கல்லாக மாறிற்று. சீமைப் பெருச்சாளி ஒன்றை உள்ளே வைத்தபோது 10 மணி நேரத்தில் 13 அவுன்சு பனி உருகியது. உயிரின் சூடும் ஒரு வகை எரிதலே என்னும் முடிவுக்கு அது வழி வகுத்தது.

1783 ஜூன் மாதம் அறிவியற் கழகத்தில் படித்த தம் ஆய்வுரையில் அவ்விருவரும் ஒரு நேர்மையைக் கடைப்பிடித்தனர். வெப்பம் என்பது கண்ணுக்குப் புலனாகா நீர்மம் என்பார் கொள்கையையும், துகள்களின் அசைவே வெப்பம் என்பார் கொள்கையையும் எடுத்துக்காட்டி, எது மெய்யாயினும் தங்கள் கணக்குக்கு ஊறில்லை என்றனர். லவாய்சியே பின்னர் நீர்மக் கொள்கையையே சார்ந்தார். பிரெஞ்சுப் புரட்சியின் கொடிய நாள்களில், 1794 மே 8 அன்று, வரி வசூல் நிறுவனத்தில் பங்கேற்றிருந்த குற்றத்துக்காக அவர் தலை வெட்டப்பட்டது.

கொள்கை வீழ்ந்தது, கணக்கு நின்றது

ரம்ஃபோர்டு பிரபு 1798இல் வெளியிட்ட ஆய்வொன்று வெப்ப நீர்மக் கொள்கையை அசைத்தது. பீரங்கிக் குழலைத் துளையிடும்போது உராய்வால் சூடு வற்றாமல் பிறந்துகொண்டே இருந்தது. பொருளுக்குள் அடைபட்ட நீர்மமாயின் அது என்றேனும் தீரவேண்டுமே! ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல் 1840களில் விழும் எடைகளால் துடுப்புகளைச் சுழற்றி நீரைக் கலக்கி, அதனால் எழும் வெப்பநிலை உயர்வை அளந்தார். 1850இல் அவர் வெளியிட்ட எண் 772. ஒரு பவுண்டு நீரை ஒரு பாகை ஃபாரன்ஹீட் உயர்த்த, ஒரு பவுண்டு எடையை 772 அடி இறக்கும் உழைப்பு வேண்டும் என்பது அதன் பொருள். நயாகரா அருவியில் 160 அடி விழும் நீர், அவ்விழுகையால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பாகை சூடாக வேண்டும் என்று அவர் 1845இலேயே கணக்கிட்டிருந்தார்.

ஜூலின் முயற்சியால் வெப்பம் ஆற்றலின் ஒரு வடிவம் என்பது நிலைபெற்றது. நீர்மக் கொள்கை மறைந்தது. ஆனால் அக்கொள்கையின் நிழலில் வளர்ந்த கணக்கு மட்டும் எழுத்து மாறாமல் நின்றது. இழந்த வெப்பமும் பெற்ற வெப்பமும் சமம் என்னும் விதி, நீர்மத்துக்குப் பொருந்தியது போலவே ஆற்றலுக்கும் பொருந்தியது. 1948இல் உலக அளவைகளின் பொது மாநாடு வெப்பத்தின் அலகாக ஜூலையே ஏற்றுக்கொண்டது.

அக்கணக்கின் வடிவம் இது: வெப்பம் என்பது நிறை, தன்வெப்பம், வெப்பநிலை மாற்றம் ஆகிய மூன்றின் பெருக்குத்தொகை. எனவே, வெப்பநிலை மாற்றம் அறிய, வெப்பத்தை நிறையாலும் தன்வெப்பத்தாலும் வகுக்க வேண்டும். ஒரு கிலோகிராம் நீரை ஒரு பாகை செல்சியஸ் உயர்த்த ஏறத்தாழ 4186 ஜூல் வேண்டும். இரும்புக்கு 450, செம்புக்கு 385, பாதரசத்துக்கு 140, ஈயத்துக்கு 128. நீரை ஒரு பாகை உயர்த்தும் வெப்பம், அதே எடையுள்ள இரும்பை 9 பாகையும், செம்பை 11 பாகையும், பாதரசத்தை 30 பாகையும் உயர்த்தும். சித்திரை வெயிலில் கடற்கரை மணல் காலைச் சுட, அருகே அலைநீர் குளிர்ந்து கிடப்பதற்கு இவ்வேறுபாடு ஒரு முக்கியக் காரணம்.

கொல்லன் உலையில் காய்ந்த இரும்பு குடித்த நீர் மீளாது என்று சங்கப் புலவர் ஒருவர், பகைவர் இழந்த அரணுக்கு உவமை கூறினார். அவ்வுலைக் களத்தையே கணக்கில் வைத்துப் பார்க்கலாம். 500 பாகையில் காய்ந்த 2 கிலோ இரும்பு, 30 பாகையில் உள்ள 10 கிலோ நீரில் தோய்கிறது. இரும்பு ஒரு பாகை குளிரும்போது விடும் வெப்பம் 900 ஜூல். நீர் ஒரு பாகை உயரக் கொள்ளும் வெப்பம் 41,860 ஜூல். இரண்டும் சந்திக்கும் இடம் ஏறத்தாழ 40 பாகை. இரும்பு 460 பாகை இறங்க, நீர் 10 பாகையே ஏறுகிறது. சீறி ஆவியாகும் சிறிதளவு நீரை இக்கணக்கு சேர்த்துக்கொள்ளவில்லை; சேர்த்தால் நீரின் உயர்வு இன்னும் குறையும். அந்த ஆவி கொண்டு சென்ற வெப்பமே பிளாக் கூறிய மறைவெப்பம். மீளாமல் போனது எது என்பதற்குப் புலவர் உவமையிலும் ஆவி சான்று. ஆசிரியர் கணக்கிலும் ஆவியே சான்று.

தமிழ்ப் பெயர்கள்

இக்கருத்துகள் தமிழுக்கு வந்தபோது பெற்ற பெயர்கள் தனியே ஆராயத்தக்கன. சூடு என்னும் ஒரு சொல் சுமந்த இரு பொருளை ‘வெப்பம்’, ‘வெப்பநிலை’ என்று பாடநூல் தமிழ் பிரித்துக் காட்டியது. பிளாக் பல ஆண்டு முயன்று நிறுவிய வேறுபாடு, ‘நிலை’ என்னும் ஈரெழுத்து ஒட்டில் அடங்கிவிட்டது. ஒவ்வொரு பொருளுக்கும் தனக்கே உரியது என்பதைத் ‘தன்’ என்னும் முன்னொட்டு சுட்ட, ‘தன்வெப்பம்’ பிறந்தது.

அதன் விரிந்த வடிவில் தமிழகமும் ஈழமும் வேறுபடுகின்றன. தமிழகப் பாடநூல்கள் ‘தன்வெப்ப ஏற்புத்திறன்’ என்கின்றன. இலங்கைப் பாடநூல்கள் ‘தன்வெப்பக் கொள்ளளவு’ என்கின்றன. கொள்ளளவு என்னும் சொல்லில், பொருளைக் கலமாகவும் வெப்பத்தை அதில் நிரம்பும் நீர்மமாகவும் கண்ட பதினெட்டாம் நூற்றாண்டின் சாயல் தங்கியிருக்கிறது. ஏற்புத்திறன் என்னும் சொல்லில் அக்கலம் இல்லை. வீழ்ந்துபோன கொள்கை ஒன்றின் தடம் ஒரு சொல்லில் எஞ்சியும் மற்றொரு சொல்லில் அழிந்தும் நிற்பதை இங்கே காணலாம்.

மறைந்த வெப்பத்துக்கு இலங்கையில் ‘மறைவெப்பம்’. தமிழகத்தில் ‘உள்ளுறை வெப்பம்’. உள்ளுறை என்பது தொல்காப்பியம் அகப்பாட்டுக்கு உரிய உத்தியாகக் கூறும் உவமத்தின் பெயர். பூவும் புள்ளும் நீர்த்துறையுமாகிய கருப்பொருள் வருணனை வெளியே தெரிய, சொல்ல வந்த பொருள் அதனுள்ளே உறைந்திருக்கும். வெளித்தோற்றத்தில் மாற்றமில்லை, உள்ளே ஒன்று நிகழ்ந்துகொண்டிருக்கிறது. வெப்பமானி அசையாதிருக்க, பனிக்கட்டிக்குள் பத்து மணி நேரம் புகுந்துகொண்டிருந்த வெப்பத்துக்கு இதனினும் பொருத்தமான பெயர் அமைதல் அரிது. மூலச்சொல் ‘மறைவு’ என்பதோடு நிற்கிறது. தமிழ்ச்சொல்லோ, மறைந்தது அழியவில்லை, உள்ளே உறைகிறது, உரிய பொழுதில் வெளிப்படும் என்னும் முழுக் கருத்தையும் தாங்கி நிற்கிறது.

கடல் ஏற்ற வெப்பம்

வெப்பமும் வெப்பநிலையும் வேறென்னும் உண்மை இன்று வகுப்பறைக்கு வெளியேயும் பேருருக் கொண்டுள்ளது. நிலவுலகின் மேற்பரப்பு வெப்பநிலை, 1850–1900 காலத்தோடு ஒப்பிட 2011–2020 காலத்தில் ஏறத்தாழ 1.1 பாகை செல்சியஸ் உயர்ந்தது என்று பன்னாட்டு அரசுகளின் காலநிலைக் குழு 2021இல் அறிவித்தது. ஒரு பாகைதானே என்று எண்ணுவோர் உளர். 1971 முதல் 2018 வரை நிலவுலகில் மிகுந்து தங்கிய வெப்பத்தில் 91 விழுக்காட்டைக் கடலே ஏற்றுக்கொண்டது என்பதும் அதே அறிக்கையில் உள்ளது. ஒரு சதுர மீட்டர் கடலின் மேல், வானம் முட்ட நிற்கும் காற்று முழுவதையும் ஒரு பாகை உயர்த்தும் வெப்பம், கீழே இரண்டரை மீட்டர் ஆழ நீரை மட்டுமே ஒரு பாகை உயர்த்தும். நீரின் தன்வெப்பம் அத்துணைப் பெரிது. வெப்பமானியில் சிறிதாகத் தெரிவது, கணக்கில் மிகப் பெரிது.

கடல் இவ்வாறு தாங்கிக்கொண்டதாலேயே நிலம் இந்த அளவில் நிற்கிறது. தாங்கிய வெப்பம் அழிந்ததாகாது. நீர் விரிந்து கடல்மட்டம் உயர்வதாகவும், புயலுக்கு வலிமை சேர்ப்பதாகவும், பனிப்பாறைகளை அடியிலிருந்து கரைப்பதாகவும் அது தன்னை வெளிப்படுத்துகிறது. நெய்தல் நில மக்கள் இதை நாள்தோறும் கண்டு வருகின்றனர்.

ஐந்து அவுன்சு நீர் நிரம்பிய இரு கண்ணாடிக் குடுவைகளை ஒரு கூடத்தில் தொங்கவிட்டுப் பத்தரை மணி நேரம் காத்திருந்தார் ஒருவர். கருவி எதையும் காட்டாத பொழுதிலும் உள்ளே ஒன்று நிகழ்கிறது என்று நம்பி, அதைக் கணக்கிட்டும் காட்டினார். அவர் பிரித்துத் தந்த இரு பொருளையும் மீண்டும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளாதிருக்க வேண்டிய கடமை, சொல்லாள்வோர் அனைவர்க்கும் உண்டு.